மண் எங்கே போயிற்று? – வீட்டருகே திடீரெனத் தோன்றும் பள்ளத்தைப் பற்றிய பாடம்



இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் நூல் விலையுமன்று, பயிர்க்கடனுமன்று. ஆயினும் நெசவாளரும் உழவரும் ஒருங்கே அறிந்திருக்க வேண்டிய பொருள். வீட்டுக் கொல்லையிலோ, களத்துமேட்டிலோ, தறிக்கூடத்துச் சுவரோரத்திலோ நேற்றுவரை இல்லாத ஒரு குழி, மழை ஓய்ந்த மறுநாட் காலையில் வாய் திறந்து கிடக்கிறது. அதைக் கண்டவுடன் ஊரார் பலவாறு பேசுவர். புதையல் என்பார் ஒருவர். நாகம் குடியிருக்கிறது என்பார் மற்றொருவர். பூமி பலி கேட்கிறது என்று அஞ்சுவாரும் உண்டு. சிலர் குப்பையைக் கொட்டி மூடிவிட்டு மறந்துபோவர். சிறுவரோ குனிந்து எட்டிப் பார்ப்பர்.

இவற்றுள் மூடி மறப்பதும் எட்டிப் பார்ப்பதுமே மிகவும் ஆபத்தானவை. குழி ஏன் தோன்றிற்று என்று அறியாமல் அதை மூடுதல், நோயின் காரணம் அறியாமல் புண்ணின்மேல் துணி சுற்றுவதற்கு ஒப்பாகும். ஆகவே காரணத்தை ஆராயும் முறையை முதலில் கற்போம். செய்ய வேண்டுவனவற்றைப் பின்னர்க் காண்போம்.

1. முதற் கேள்வி

எந்தக் குழியைக் கண்டாலும் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி ஒன்றே. அங்கே இருந்த மண் எங்கே போயிற்று? மண் அழிந்துபோகும் பொருளன்று. ஒரு கூடை மண் ஓரிடத்தில் இல்லையெனில் அது வேறோரிடத்தில் இருந்தே தீரவேண்டும்.

குழியின் வாயைச் சுற்றிப் புதுமண் குவிந்திருந்தால், மண் வெளியே வந்திருக்கிறது. எனவே ஏதோ ஓர் உயிர் அதைத் தோண்டியிருக்கிறது. சுற்றிலும் மண் இல்லையெனில், மண் உள்ளே சென்றிருக்கிறது. உள்ளே செல்வதற்கு அங்கே முன்னரே ஒரு வெற்றிடம் இருந்திருக்க வேண்டும். அவ்வெற்றிடம் மக்கிப்போன மரத்தால் உண்டாகியிருக்கலாம். மனிதர் வெட்டி மறந்ததாக இருக்கலாம். நீர் அரித்ததாக இருக்கலாம். பாறை கரைந்ததாகவும் இருக்கலாம். இவ்வைந்து காரணங்களையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

2. உயிரினங்களின் வளை

வயல்வரப்பிலும் வீட்டோரத்திலும் காணும் சிறு துவாரங்களுட் பெரும்பாலானவை எலியும் பெருச்சாளியும் நண்டும் தோண்டியவையே. நண்டு வளையின் வாயில் சேற்று உருண்டைகள் கிடக்கும். எலிவளையின் வாயில் தளர்ந்த புதுமண் குவிந்திருக்கும். வயலெலி தன் வளைக்குள் நெற்கதிர்களைச் சேமித்து வைக்கும் என்பதை உழவர் நன்கறிவர்.

பாம்பைப்பற்றி ஒரு சொல். நல்லபாம்பும் கட்டுவிரியனும் தாமாக வளை தோண்டுவதில்லை. எலி தோண்டிய வளையிலும் கறையான் எழுப்பிய புற்றிலும் புகுந்து வாழ்கின்றன. ஆகவே பாம்பு இருக்கலாம் என்ற எச்சரிக்கை சரியே; குழியைப் பாம்பு உண்டாக்கிற்று என்ற முடிவு தவறு. எந்த வளையிலும் கையை விடலாகாது. பாம்பு பிடிப்பதில் தலைமுறை அறிவுடைய இருளர் மக்கள், 1978-ஆம் ஆண்டில் தமக்கென ஒரு தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டதையும், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அவர்கள் எடுக்கும் நஞ்சு பாம்புக்கடி மருந்து செய்யப் பயன்படுவதையும், கூட்டுறவாளராகிய நாம் பெருமையுடன் நினைக்கலாம்.

வளை சிறியது என்று அலட்சியம் செய்யலாகாத இடம் ஒன்று உண்டு. அஃது ஏரிக்கரையும் வாய்க்கால் கரையுமாகும். கரையின் இருபுறத்தையும் இணைக்கும் ஓர் எலிவளை, வெள்ளக் காலத்தில் கரை உடைவதற்கு வழி காட்டிவிடும்.

3. மக்கியதும் மறந்ததும்

வீடு கட்டுவதற்காகப் புளியமரத்தையோ வேப்பமரத்தையோ வெட்டியவர், அடிக்கட்டையை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுவது உண்டு. சில ஆண்டுகளில் கட்டையும் வேரும் மக்கிக் கறையானுக்கு இரையாகின்றன. மரம் இருந்த இடம் வெற்றிடமாகிறது. ஒரு பெருமழையில் மேல்மண் அதனுள் அமிழ்கிறது. இத்தகைய பள்ளம் பெரும்பாலும் ஆழமற்றது. மக்கிய மரத்தூளும் வேர்த்துண்டுகளும் இதன் அடையாளம். அவற்றை அகற்றி, மண்ணை அடுக்கடுக்காக இட்டுத் திமிசு போட்டால் போதும்.

மனிதர் வெட்டி மறந்த குழிகள் இவ்வாறு எளியவை அல்ல. தூர்த்த பழங்கிணறு, கைவிட்ட கழிவுக்குழி, முன்னோர் தானியம் சேமித்த நிலவறை ஆகியவை மேலே ஒரு பலகையோ கல்லோ இட்டு மண்மூடி விடப்பட்டிருக்கும். பலகை மக்கும்போது நிலம் வாய் திறக்கும். இவற்றுள் இறங்குவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. பழங்கிணற்றிலும் கழிவுக்குழியிலும் பிராணவாயு குறைந்தும் நச்சுவாயு தங்கியும் இருக்கலாம். இறங்கியவர் மயங்கி விழ, அவரை எடுக்க இறங்கியவரும் மயங்கி விழுந்து, ஒரே குடும்பத்தில் பலர் மாண்ட செய்திகளை நாம் அடிக்கடி கேள்வியுறுகிறோம். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனையை நம்பியும் இறங்கலாகாது. விளக்கு அணையாமல் எரியும் இடத்திலும் கொல்லத்தக்க நச்சுவாயு இருக்கக்கூடும். எரியும் வாயு தங்கியிருந்தால் விளக்கே தீயை மூட்டிவிடும்.

இவ்வகையில் நம் காலத்தின் பெருந்தீங்கு, கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு. ஒரு சாண் அகலமும் இல்லாத அத்துளை, பெரியவர் காலை மட்டுமே தடுக்கும். குழந்தையையோ முழுமையாக விழுங்கும். 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், வீட்டருகே இருந்த பயனற்ற ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று விழுந்தது. முதலில் முப்பது அடிக்கும் குறைந்த ஆழத்தில் சிக்கியிருந்த அக்குழந்தை பின்னர் மேலும் ஆழத்திற்கு நழுவிற்று. பக்கத்தில் வேறொரு குழி தோண்ட முயன்றபோது கடும்பாறை தடுத்தது. ஐந்தாம் நாள் உயிரற்ற உடலே கிடைத்தது. நாடே கண்ணீர் விட்டது.

அத்துயரத்திற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 2010-இல், உச்ச நீதிமன்றம் இதற்கான விதிகளை வகுத்திருந்தது. கிணறு தோண்டப் பதினைந்து நாட்களுக்கு முன்னர் நிலத்துக்குரியவர் எழுத்து மூலம் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். தோண்டும் காலத்தில் எச்சரிக்கைப் பலகையும் முள்வேலியும் அமைக்க வேண்டும். குழாயைச் சுற்றி அரை மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள சிமெண்டு மேடை, நிலமட்டத்திற்குக் கீழே 30 சென்டிமீட்டரும் மேலே 30 சென்டிமீட்டருமாக எழுப்பப்பட வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகட்டால் பற்றவைத்தோ திருகாணியுள்ள உறுதியான மூடியாலோ அடைக்க வேண்டும். பம்பைப் பழுதுபார்க்க எடுக்கும்போதும் வாயைத் திறந்து விடலாகாது. பயன்படாத கிணற்றைக் களிமண், மணல், கூழாங்கல் முதலியவற்றால் அடியிலிருந்து நிலமட்டம் வரை நிரப்ப வேண்டும்.

கடைசி விதியிலுள்ள ‘அடியிலிருந்து’ என்ற சொல்லை அங்கத்தினர் கோடிட்டு வைத்துக்கொள்க. கோணிப்பையைத் திணித்து மேலே நாலு கூடை மண் கொட்டினால் கிணறு மூடியதாகாது. கோணி மக்கும், மழையில் மண் கீழே இறங்கும், ஒருநாள் துளை மீண்டும் திறக்கும். அன்று அவ்விடத்தில் யாருடைய குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

4. நீர் அரித்த வழி

மூன்று காரணங்களும் பொருந்தாவிடில் நீரை ஐயுற வேண்டும். நிலத்துக்குள் ஓடும் நீர், வெளியேற ஒரு வழி கிடைத்தால், தன்னுடன் நுண்மண்ணையும் எடுத்துச் செல்லும். முதலில் விரல் பருமனுள்ள துளை. பிறகு கை நுழையும் குழாய். பிறகு ஆள் நுழையும் சுரங்கம். மேலே நடப்பவர் ஒன்றும் அறியார். கூரை மெலிந்தபின் ஒரு மழையில் நிலம் அமிழும்.

கேரளத்தில் கண்ணூர், இடுக்கி, வயநாடு முதலிய மாவட்டங்களில் இத்தகைய மண்குழாய் அரிப்பு ஆராயப்பட்டுள்ளது. அங்கே மேலே கடினமான செம்புறைப் பாறையும், அதன் கீழே மென்மையான களிமண்ணும் உள்ளன. மழைநீர் கீழிறங்கிக் களிமண்ணை மட்டும் கரைத்துச் செல்ல, கடினப்பாறை கூரைபோல் நின்றுவிடுகிறது. பட்டணங்களில் உடைந்த குழாயும் இதே வேலையைச் செய்கிறது. 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் குவாத்தமாலா நகரில் சுமார் 20 மீட்டர் அகலமும் 90 மீட்டர் ஆழமும் உள்ள குழி தோன்றி ஒரு கட்டடத்தை விழுங்கிற்று. இறுகாத எரிமலைச் சாம்பல் மண்ணும், கசிந்த கழிவுநீரும், பெருமழையும் அங்கே ஒன்றுகூடியிருந்தன. பெருமழையைத் தடுக்க நம்மால் இயலாது. கசியும் குழாயை அடைக்க இயலும்.

குழித்தறி உடைய நெசவாளர் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறுவது புதிதன்று. ஊறும் நீர் தெளிந்திருந்தால், பாவு ஈரம் ஏற்கும் தொல்லை மட்டுமே. நீர் கலங்கி, வடிந்தபின் அடியில் வண்டல் படிந்தால், அந்த வண்டல் எங்கிருந்தோ வந்த மண்ணாகும். பெரும்பாலும் அது நம் சுவரின் அடியிலிருந்து வந்ததே. நாள்தோறும் அந்நீரை இறைத்து வெளியே ஊற்றுபவர், தம் அஸ்திவாரத்தையே வாளி வாளியாக இறைத்து ஊற்றுகிறார். முதலில் இறவாரத்து நீரைச் சுவரோரம் தேங்கவிடாமல் வாய்க்கால் வெட்டி அப்பால் செலுத்துக. பிறகு குழியின் அடியில் மணலும் அதன்மேல் சிறு சரளையும் பரப்புக. நெருக்கமாக நெய்த துணி நீரை விட்டுக் கசடை நிறுத்துவதுபோல், மணற்படுகை நீரை விட்டு மண்ணை நிறுத்தும்.

ஏரிக்கரைக்கும் இதுவே விதி. கரையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் தெளிவாக இருந்தால் கண்காணிப்புப் போதும். கலங்கி மணலுடன் கொப்புளித்தால் கரை உள்ளே அரிக்கப்படுகிறது என்று பொருள். அப்போது ஊற்றின் வாயை நேரே அடைத்தால் நீர் வேறிடத்தில் வெடித்து வரும். மணல்மூட்டைகளை ஊற்றைச் சுற்றி வட்டமாக அடுக்கி, உள்ளே நீர் தேங்கி உயரச் செய்தால், அந்நீரின் கனமே அரிப்பின் வேகத்தைக் குறைக்கும். உடனே நீர்வளத் துறையினருக்கு அறிவிக்க வேண்டும்.

5. கரையும் பாறை

இனி ஐந்தாவது காரணம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவை ஏற்று மிக மெல்லிய அமிலமாகிறது. அந்நீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கிப் பல்லாயிரம் ஆண்டுகளில் குகைகளைக் குடைகிறது. யாழ்ப்பாணக் குடாநாடு இத்தகைய பாறைமேல் அமைந்தது. அங்கே புத்தூரை அடுத்துள்ள நிலாவரைக் கிணறு, இராமபிரான் அம்பினால் உண்டாக்கியதென்று மக்களாற் கூறப்படுவது. அடியற்றதென நெடுங்காலம் கருதப்பட்ட அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன. சுண்ணாம்புப் பாறை கரைந்து அமிழ்ந்தமையால் உண்டான இயற்கைப் பள்ளமே அது.

குகை ஆண்டாண்டாக இருந்தும் அமிழாத நிலம் ஒருநாள் அமிழ்வது ஏன்? குகையில் நீர் நிறைந்திருக்கும்வரை அந்நீர் கூரையைக் கீழிருந்து தாங்குகிறது. நிலத்தடி நீர் இறங்கினால் அத்தாங்கல் அகன்றுவிடுகிறது. அதன்பின் பெருமழை பெய்யுமாயின், மேல்மண் நனைந்து கனத்து, வெற்றுக் குகைக்குள் சரிகிறது. வறட்சியும் வெள்ளமும் அடுத்தடுத்து வருவதே ஆபத்தான காலம்.

நம் வீட்டு அலமாரிக்குப் பயன்படும் கடப்பைக் கல்லும் ஒருவகைச் சுண்ணாம்புக் கல்லே. அக்கல் விளையும் ஆந்திரத்துக் கடப்பை மாவட்டத்தில், 2015-ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழைக்குப் பின், சிந்தகொம்மதின்னே மண்டலத்துச் சிற்றூர்களில் நிலத்தில் திடீர்ப் பள்ளங்கள் தோன்றி மக்களைக் கலங்கச் செய்தன. ஆழ்துளைக் கிணறுகளால் நிலத்தடி நீர் ஆழ்ந்து இறங்கியிருந்த பகுதி அது. துருக்கி நாட்டின் கோனியா சமவெளியிலும், பாசனத்திற்காக நீரை மிகுதியாக இறைத்தமையால் விளைநிலங்களிடையே பெரும்பள்ளங்கள் பெருகியுள்ளன.

இவை எல்லாவற்றினும் நமக்குப் பாடமாவது அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்துப் பிளாண்ட் சிட்டி என்ற ஊரைச் சுற்றி நடந்தது. 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே பதினொரு நாட்கள் கடுங்குளிர் நிலவியது. ஸ்டிராபெரிப் பயிர் உறைபனியால் கருகாதிருக்க, உழவர்கள் நிலத்தடி நீரை இரவு முழுவதும் செடிகளின்மேல் தெளித்தனர். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் செடியைக் காக்கும் என்பது அவர்கள் அறிந்த முறை. ஒவ்வொருவரும் தம் பயிரைக் காக்கவே பம்பை ஓட்டினர். தனித்தனியே பார்த்தால் ஒருவரும் தவறு செய்தாரில்லை. ஆனால் எல்லாப் பம்புகளும் ஒரே வேளையில் ஓடியதால் நிலத்தடி நீர்மட்டம் சுமார் 60 அடி இறங்கிற்று. நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றின. நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளங்கள் வாய் திறந்தன. வீடுகளும் சாலைகளும் சேதமுற்றன. பயிரைக் காத்த நீரே அயலாரின் வீட்டைத் தாங்கியிருந்த நீரும் ஆகும் என்பதை அவ்வூரார் அப்போது கண்டனர்.

கூட்டுறவின் தேவையை இதனினும் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சியை நாம் அறியோம். வேலி நிலத்தின் மேலேதான் உண்டு. நிலத்தின் கீழே வேலி இல்லை.

6. பள்ளம் தோன்றினால் செய்ய வேண்டுவன

முதலாவது, விலகி நிற்றல். குழியின் வாய் கண்ணுக்குத் தெரிவதைவிட உள்ளே அகன்றிருக்கலாம். விளிம்பில் நிற்கலாகாது, குழந்தைகளையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்த வேண்டும். குழியின் அகலத்தைப்போல் பல மடங்கு தூரத்தில் கழி நட்டுக் கயிறு கட்டி, இரவில் விளக்கும் வைக்க வேண்டும்.

இரண்டாவது, வீட்டை நோக்குதல். சுவரில் புதிய வெடிப்பு, திறந்து மூட மறுக்கும் கதவு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய கிணற்று நீர், தேங்கி நின்று சட்டென மறைந்த மழைநீர் ஆகியவை நிலம் இன்னும் நகர்கிறது என்பதற்கு அறிகுறிகள். இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் வீட்டைவிட்டு வெளியேறுக. பண்டபாத்திரங்களுக்காகத் திரும்பி நுழைய வேண்டாம். ஃபுளோரிடாவில் விண்டர் பார்க் என்னுமிடத்தில், 1981-ஆம் ஆண்டு மே மாதத்தில் முதலில் வீட்டருகே நின்ற ஒரு மரமே மண்ணுள் மறைந்தது; மறுநாளுக்குள் வீடும் மறைந்து, பள்ளம் ஏறத்தாழ நூறு மீட்டர் அகலமாயிற்று.

மூன்றாவது, நீரை விலக்குதல். மழைநீரும் கழிவுநீரும் குழிக்குள் இறங்காதபடி மேட்டுப்புறத்தில் வாய்க்கால் வெட்டித் திருப்ப வேண்டும். உடைந்த குழாய் இருப்பின் நீரை நிறுத்த வேண்டும்.

நான்காவது, அறிவித்தல். கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சிக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எவரேனும் விழுந்திருந்தால் 112 அல்லது 101 என்ற எண்ணில் தீயணைப்பு மீட்புப் பணியினரை உடனே அழைக்க வேண்டும், தாமாக இறங்கலாகாது.

ஐந்தாவது, அளந்து எழுதுதல். தொலைவில் நின்று அகலத்தை மதிப்பிட்டு, தேதியுடன் நாள்தோறும் குறித்துவர வேண்டும். குழி வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதே பின்னர் வரும் வல்லுநர் கேட்கும் முதற் கேள்வி.

ஆறாவது, காரணம் தெளிந்த பின்னரே மூடுதல். நீர் அரித்த சிறு பள்ளத்தை வல்லுநர் அனுமதித்தால், அடியில் பெருங்கற்கள், அவற்றின்மேல் சிறுகற்கள், பிறகு சரளை, பிறகு மணல், இறுதியில் களிமண் என்று முறையாக நிரப்பி, மேலே சற்று மேடாக விடவேண்டும். குப்பையையும் பூச்சிமருந்துப் புட்டிகளையும் செத்த விலங்குகளையும் இட்டு நிரப்பலாகாது. அந்நஞ்சு நேரே ஊர்க் கிணற்றை அடையும்.

7. சங்கம் செய்யத்தக்கது

தனி ஒருவர் தம் வயலிலுள்ள பழந்துளையை மூடப் பணமில்லை என்று தள்ளிப்போடலாம். சங்கம் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஒவ்வொரு சங்கமும் தன் எல்லைக்குட்பட்ட பழங்கிணறுகளையும் கைவிட்ட ஆழ்துளைகளையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கலாம். முதியோர்க்கே இவ்விவரம் தெரியும். அவர் மறைந்தால் விவரமும் மறையும். மூடிக்கும் மணலுக்கும் ஆகும் சிறு செலவைப் பொதுநல நிதியிலிருந்து விதிகளுக்கு உட்பட்டு ஏற்கலாம். கிணற்று நீர்மட்டத்தைக் கயிற்றால் மாதந்தோறும் அளந்து சங்க அலுவலகச் சுவரில் எழுதினால், எவ்வளவு இறைக்கலாம் என்பதை அனைவரும் கூடித் தீர்மானிக்க வழி பிறக்கும்.

பயில்வட்டத்திற்குரிய வினாக்கள்

1. குழியைச் சுற்றி மண் குவிந்திருப்பதும் இல்லாதிருப்பதும் எவற்றை உணர்த்துகின்றன?

2. ஆழ்துளைக் கிணற்றை மேலே மட்டும் மூடுதல் ஏன் போதாது?

3. தறிக்குழியில் ஊறும் நீர் தெளிந்திருப்பதற்கும் கலங்கியிருப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?

4. நிலத்தடி நீர் இறங்கினால் பாறைக் குகையின் கூரை ஏன் வலுவிழக்கிறது?

5. பிளாண்ட் சிட்டியில் ஒருவரும் தவறு செய்யாதிருந்தும் ஊருக்குத் தீங்கு நேர்ந்தது எவ்வாறு? நம் ஊரில் அத்தகைய நிலை உண்டா?

6. நம் சங்க எல்லையில் மூடப்படாத துளைகள் எத்தனை? அடுத்த கூட்டத்திற்குள் எண்ணி வருக.

ஆறாவது வினாவிற்கு மட்டும் ஏட்டில் விடை எழுதினால் போதாது. அங்கத்தினர் நேரிற் சென்று பார்த்து, மூடிவிட்டு வந்து விடை கூறுவார்களாக.